பியாத்தியாவின் வால்

சாவதற்குள் ஒரு செடியாவது வெஸ்ட்மான் என்ற என் பெயரைச் சுமக்க வேண்டும். உப்சாலா பல்கலைக்கழகத்தில் செடி பொறுக்கும் எவனுக்கும் உள்ள ஆசைதான். ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது கேவலம். நண்பன் வைக்க வேண்டும். என் நண்பன் லோரென்ஸுக்கு வருஷாவருஷம் உப்பு மீனும் பாலாடைக்கட்டியும் அனுப்பினேன். தின்றான். பெயர் வைக்கவில்லை.

என் மனைவி பியாத்தா, பாதிரியார் மகள். என் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டுவதோடு நிறுத்தமாட்டாள்.

"லோரென்ஸ் பேர்ல மரம் இருக்கு. அவர் மாமனார் பேர்ல கொடி இருக்கு. உங்க பேர்ல ஒரு காளானாவது முளைக்குமா?"

அன்றே முடிவு செய்தேன். சதுப்பில் புதிதாக ஒரு களையைக் கண்டிருந்தேன். கிட்டே போனால் நாறும். தொட்டால் குத்தும். விலகினால் துணியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். ‘பியாத்தியா’ என்று பெயரிட்டு, குணங்களை லத்தீனில் விரித்தெழுதி அச்சுக்குக் கொடுத்தேன். வேண்டாதவர் பெயரைக் களைக்கு வைப்பது எங்கள் தொழிலில் பழைய பழிவாங்கல். அச்சேறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. அவளுக்கு லத்தீன் தெரியும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

படித்தாள். அழவில்லை.

"வெள்ளையா ஒரு பூ பூக்குமே, அத எழுதலையே நீங்க" என்றாள்.

சில வருஷம் கழித்து ஒரு வசந்தத்தில் லோரென்ஸ் வந்தான். அரசர் காபிக்குத் தடை போட்டிருந்த சமயம். பியாத்தா ஜன்னலைச் சாத்திவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் களை ஆறாத புண்ணை ஆற்றுகிறதாம். பெர்லின் வரை அதற்குப் புகழாம். கப்பலில் வந்த மருத்துவப் புத்தகத்தை விரித்துக் காட்டினான். செடியின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவனையும் சுருக்கிப் போடுவது வழக்கம். ‘பியாத்தியா வெ.’ என்றிருந்தது. அந்த ‘வெ.’ நான்.

"இந்த வருஷம் கெடச்ச மஞ்சள் அல்லிக்கு உன் பேரத்தான் வைக்க இருந்தேன்" என்றான் லோரென்ஸ். "போன வாரம் சந்தையில உன் வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். ‘அவருக்குத்தான் ஊர் ஊரா பேர் வந்தாச்சே, இல்லாதவங்களுக்குக் குடுங்க’ன்னாங்க. நியாயமாப் பட்டுச்சு. வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்தேன். பியாத்தா என் கோப்பையை நிரப்பினாள்.

"தேவாலயத்துக்குப் போனா முன்னால நீங்க, பின்னால நான். புத்தகத்துலயாவது நான் முன்னால போறேனே. நாத்தம் எனக்கு இருக்கட்டும், வால் உங்களுக்கு. ஆறுது, குடிங்க."

அந்த ஞாயிறு தேவாலயத்துக்குக் கிளம்பியபோது, யாரும் சொல்லாமலே நான் பின்னால் நடந்தேன்.