மரப்பல்லி ஏன் சாகிறாள்?

மூன்று எதிரிகள் மகளை வளைத்துக்கொண்ட நொடியில்தான் திரையின் நடுவே வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"ஐயோ, இப்பவா!" என்று அம்மா லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

வட்டம் அவசரமே இல்லாமல் சுற்றியது. அது நின்றபோது எதிரிகளைக் காணோம். மகளையும் காணோம். மகள் இருந்த இடத்தில் கொஞ்சம் புகை மட்டும் மிச்சம் இருந்தது.

நிஜ மகள் பத்திரமாகத்தான் இருந்தாள். வேறொரு நகரத்தில், பெரிய அரங்க மேடையில், காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். 'கோட்டை' என்ற அந்த விளையாட்டில் பக்கத்துக்கு ஐந்து பேர். எதிரியின் கோட்டையை யார் முதலில் இடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அதைப் போட்டி போட்டு ஆட அணிகள் இருக்கின்றன, உட்கார்ந்து பார்க்க லட்சக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆறு வாரத்துக்கு முன்பு வரை அம்மாவுக்குத் தெரியாது.

ஆறு வாரத்துக்கு முன்பு மகள் போன் செய்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஓர் அணியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு ஒரு மயிரிழை கோணினாலும் சாப்பாடு இறங்காது.

"விளையாடறது ஒரு உத்தியோகமா? இனிமே அவ முகத்தைத் திரையிலகூடப் பாக்க மாட்டேன்," என்றார்.

"அப்போ என் முகத்தையும் பாக்க வேணாம்," என்றாள் அம்மா.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. ஃப்ரிட்ஜ் கதவில் செருகிய துண்டுச் சீட்டுகள்தான் குடித்தனம் நடத்தின. 'சர்க்கரை தீர்ந்துவிட்டது' என்று அவள் எழுதுவாள். கீழே 'தெரியும்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருப்பார் அவர்.

மகள் என்னதான் செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்காகச் சண்டை போடுவது எப்படி? அம்மா கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். கடையில் லென்ஸ் வெட்டும் பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, மொதல்ல ஒரு டீமைப் பிடிச்சுக்கணும். அப்பத்தான் பாக்கறதுல ருசி வரும்."

"டீமெல்லாம் பிடிச்சாச்சு. யாரு ஜெயிக்கறாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது."

"திரைக்குப் பக்கத்துலயே எல்லாரும் எழுதிக்கிட்டு இருப்பாங்களே, அங்க ஒரு பேர் வச்சுக்கிட்டு கேளுங்க. யாராவது சொல்லுவாங்க."

ஹாலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்ததால் 'ஜன்னலோரம்' என்று பேர் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அரை வார்த்தையும் பொம்மையுமாகக் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில், தபால் எழுதுவதுபோல் எழுதினாள்: 'அனைவருக்கும் வணக்கம். இப்போது யார் ஜெயிக்கிறார்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். இப்படிக்கு, ஜன்னலோரம்.'

பதிலுக்கு ஒரு பெரும்படையே சிரித்தது. மஞ்சள் மூஞ்சிகள் மேலே மேலே ஓடின. அவள் மூடிவிட்டுப் போகவிருந்த சமயத்தில் ஒருவர் மட்டும் ஒழுங்காகப் பதில் எழுதினார். பேர் 'ஒற்றைச்செருப்பு'.

'மேலே இடது மூலையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், நண்பரே. சிரிப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். நானும் புதியவன்தான். இரண்டு வாரமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.'

'ரொம்ப நன்றி தம்பி,' என்று எழுதினாள். இந்தக் காலத்துப் பையன்களில் இவ்வளவு மரியாதையா என்று மனசு குளிர்ந்தது.

அதிலிருந்து சனி, ஞாயிறு மதியம் தோறும் தம்பிதான் அவளுக்கு வாத்தியார். செத்தவர்கள் முப்பது நொடியில் எழுந்து வருவார்கள் என்று சொன்னது அவர்தான். அதற்குமுன் இரண்டு ஆட்டம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

மகளுக்கு அந்த உலகத்தில் 'மரப்பல்லி' என்று பேர். அரங்கமே எழுந்து நின்று "மரப்பல்லி! மரப்பல்லி!" என்று கத்துவதைக் கேட்டு, பெற்றவளுக்குச் சந்தோஷப்படுவதா சண்டைக்குப் போவதா என்று புரியவில்லை. போனில் கேட்டும் பார்த்தாள்.

"ஏண்டி, வேற நல்ல பேரே கிடைக்கலையா?"

"அதை விடும்மா. ஆட்டம் பாத்தியா?"

"பாத்தேன். நீ ஏன் சும்மா சும்மா செத்துப் போற? மத்த நாலு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"உள்ள வேலையா இருக்கார்."

உள் அறைக் கதவு எப்போதும்போல் சாத்தியிருந்தது. வார நாட்களில் திறந்தே கிடக்கும் கதவுதான். சனி, ஞாயிறுகளில் அவருக்கு அப்படி ஒரு வேலை.

மகள் சொல்லாத பதிலைத் தம்பியிடம் கேட்டாள். 'மரப்பல்லி ஏன் எப்போதும் முதலில் சாகிறாள்? ஆடத் தெரியவில்லையா?'

பதில் வர நேரமாயிற்று. வந்தபோது நீளமாக வந்தது.

'நண்பரே, அப்படிச் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணின் வேலையே குறுக்கே நிற்பதுதான். அடியைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற நால்வரையும் தப்ப விடுகிறாள். வெற்றிப் பட்டியலில் அவள் பேர் கடைசியில் வரும். ஆனால் அவள் இல்லாவிட்டால் அந்த அணிக்கு அஸ்திவாரம் கிடையாது. அடுத்த ஆட்டத்தில், மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தில் அவளுடைய மஞ்சள் புள்ளியை மட்டும் கவனியுங்கள்.'

கவனித்தாள். புரிந்தது. நான்கு புள்ளிகள் ஓட, மஞ்சள் புள்ளி மட்டும் திரும்பி நின்றது. முன்பின் தெரியாத ஒரு பையனுக்குப் புரிந்தது, பெற்ற தகப்பனுக்குப் புரியவில்லையே! மறுநாள் கடையில் கண் சோதிக்க வந்தவரிடம், எழுத்துப் பலகையைக் காட்டாமல் "மஞ்சள் புள்ளி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த வெள்ளை வட்டம். அன்றைக்கு அரையிறுதி. மறுநாள் இறுதிப் போட்டி.

'படத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள்,' என்றார் தம்பி.

குறைத்தாள். வட்டம் போயிற்று. கூடவே மகளின் உருவமும் போயிற்று. பத்து பேரும் கரைந்த சோப்புக்கட்டிகள்போல் ஆனார்கள். அவள் பத்து நிமிஷம் கை தட்டி உற்சாகப்படுத்திய சோப்பு எதிரணிச் சோப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

'உங்கள் வீட்டில் வேறு யாராவது நெட் பயன்படுத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள்,' என்றார் தம்பி.

சொல்வதா? ஆறு வாரத்து வீம்பு என்ன ஆவது? சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு சீட்டு தொங்கியது: 'சனி, ஞாயிறு மதியம் எனக்கு நெட் அவசியம் தேவை. முக்கியமான வேலை.' 'முக்கியமான'வின் கீழ் இரட்டை அடிக்கோடு.

அவளுக்கு வந்த கோபத்தில், நடைவழியில் இருந்த நெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் படம் கண்ணாடிபோல் ஓடியது. உள்ளே நாற்காலி நகர்ந்தது. அவர் வந்தார், அவளைப் பார்க்காமல் பெட்டியை எடுத்தார், தன் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் போய்த் திரும்ப எடுத்து வந்தாள். அவர் மறுபடி வந்தார். நாலாவது தடவை இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. சுவரிலிருந்து ஒயர்தான் 'டப்' என்றது. பெட்டியில் பச்சையாக எரிந்த விளக்கு சிவப்பாயிற்று.

மகளின் அணி ஜெயித்த செய்தியை மகளே போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியம், இறுதிப் போட்டி தொடங்கி வெகு நேரம் ஆன பிறகுதான் நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் கருவிப் பை, காதில் செருகிய பேனா.

"இந்த வீட்ல இருந்து ரெண்டு புகார் வந்திருக்குங்கம்மா. அரை மணி நேர வித்தியாசத்துல."

"அவருக்கு ஆபீஸ் வேலை இருக்கு. எனக்கும்... கொஞ்சம் வேலை இருக்கு. சீக்கிரம் பாரும்மா."

அந்தப் பெண் ஒயரை வெட்டி, புது முனை மாட்டி, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். விளக்கு பச்சைக்கு வந்தது. அவள் அந்தப் பெண்ணை மறந்துவிட்டு ஜன்னலோரம் ஓடினாள்.

இரு அணிகளும் தலைக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டம். மகளின் கோட்டையில் ஒரு சுவர்தான் பாக்கி. மஞ்சள் புள்ளி திரும்பி நின்றது. ஐந்து சிவப்புப் புள்ளிகள் அதை நோக்கி வந்தன.

வெள்ளை வட்டம் சுற்றியது.

"ஏம்மா! இன்னும் சரியாகலையே!"

"இருங்கம்மா, உள் ரூம்ல எப்படி வருதுன்னு பாத்துட்டு வரேன்," என்று அந்தப் பெண் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

படம் விட்டு விட்டு ஓடியது. மஞ்சள் புள்ளி அணைந்தது. அவள், 'தம்பி, எனக்கு அழுகையாக வருகிறது,' என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது. 'அழாதீர்கள், நண்பரே. முப்பது நொடிதான். எழுந்து வந்துவிடுவாள். எனக்குத் தெரியும்.'

அவள் எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு வரை எண்ணியிருப்பாள், உள் அறைக் கதவு திறந்தது. நெட் கம்பெனிப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லைங்கம்மா, ஒரே மேட்ச்சை ரெண்டு ரூம்ல தனித்தனியா ஓட்டினா இப்படித்தான் திக்கும், பெட்டியை ஒரு தடவை நிறுத்திப் போடலாம்னா, உள்ள ஐயா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'இருமா, இருமா, யாரோ ஜன்னலோரமாம், பாவம், அழுவுது, அதுக்கு ஆறுதல் எழுதிக்கிட்டு இருக்கேன், லைனைக் கட் பண்ணிடாதே'ங்கறார்."