தப்பைப் பொறுக்காத டாக்டர்

கொலைக் கதைகளில் வரும் குடும்ப டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காத ஆள் இல்லை. நரைத்த மீசை, தேய்ந்த தோல் பை, படியேறும்போதே "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போகிற உரிமை, வீட்டில் எல்லாருடைய நாக்கையும் பார்த்தாகிவிட்டதால் தம் நாக்கை அடக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு, இத்தனையும் சேர்ந்தவர். பிணத்தை முதலில் தொடுபவர் அவர். இறந்த நேரத்தைச் சொல்பவர் அவர். அழுகிறவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போலீசையே அதட்டுபவரும் அவர்தான். தோட்டக்காரர், சமையல்காரர், திடீரென்று வந்து இறங்கிய மருமகன் என்று ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கும்போது அவரை யார் சந்தேகப்படுவார்கள்?

நம் டாக்டரும் அந்தத் தைரியத்தில்தான் தாம் வைத்தியம் பார்த்த வீட்டு முதலாளியைக் கொன்றார். முதலாளி செய்த பாவம் என்ன? இருபது வருஷமாக இவர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் மறுபேச்சில்லாமல் விழுங்கிய அந்த மனிதர், ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிப் பாக்கறேனே" என்று சொல்லிவிட்டார். தாராளமாகக் காட்டுங்கள் என்று டாக்டர் சிரித்தார். மறுநாள் காலை, முதலாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்த நர்ஸ் வெந்நீர் எடுக்கப் போன நேரத்தில், ஊசியோடு வந்தார். உயிர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தாம் வந்ததாக எழுதியும் கொடுத்தார்.

பழி நர்ஸ் மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் விளக்கிக்கொண்டிருக்க, அந்தப் பெண் அழக்கூட மறந்து சுவரோரம் நின்றாள். டாக்டருக்கே பாவமாகத்தான் இருந்தது. அதற்காகத் தூக்குமேடை ஏற முடியுமா? ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் தலை தப்பிவிடும்.

இன்ஸ்பெக்டர் மருந்தின் பெயரைத் தப்பாகச் சொன்னார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் இருதயம் என்று சொல்லி வலது மார்பைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டதும் நாடி தடதடவென்று ஏறி, ஏறி, அப்படியே ஆள் போய்விட்டார் என்று இன்ஸ்பெக்டர் முடித்தபோது, இறந்தவரின் தங்கை தலையாட்டினாள்.

"நம்ம டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

பொறுக்குமா?

"ஏறலைம்மா, இறங்குச்சு," என்றார் டாக்டர். "அறுபது, நாப்பது, அப்புறம் விரல்ல ஒண்ணுமே தட்டலை. நான் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"அறுபதை முதல்ல எழுதுங்க சார்."

சிரிக்கிறீர்கள். நீங்கள் யாரையும் கொன்றதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் நீங்கள் அவ்வளவு தெளிவாக வழி சொல்லியும், உங்கள் மனைவி தெருமுனையில் இறங்கி இன்னொருவரிடம் வழி கேட்டாரே, அப்போது உங்கள் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். அன்று சாயங்காலம் நீங்களே கலந்து கொண்டுபோய்க் கொடுத்த காபியை, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குடித்தார்.