சும்மா நடந்த வாளி அக்கா

ஈப்போ சிலிபின் வட்டாரத்தில் ஒரு வேலையும் இல்லாமல் வீதியில் நடந்த முதல் தமிழச்சி வாளி அக்காதான். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். அவருக்கு முன்னாலும் எங்கள் பெண்கள் நடந்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நடந்தார்கள், விறகுக்கு நடந்தார்கள், ரப்பர் பால் வெட்ட நடந்தார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். போய்ச் சேர ஓர் இடமில்லாமல், நடப்பதற்காகவே நடந்தவர் இவர் ஒருவர்தான். அப்படி நடக்க அவருக்கு எவ்வளவு வெட்கம் என்றால், கையில் ஒரு வாளி இல்லாமல் வாசற்படியை விட்டு இறங்க மாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மாதா கோயிலில் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டியே காலத்தைக் கழித்தவர். எழுபதுகளின் நடுவில் தோட்டத்தை விற்றார்கள். தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மூத்த மகனோடு சிலிபினுக்கு வந்தார். தோட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து, பால் சுமந்த அந்த வாளியும் ஒன்பது விரல் உள்ள இரண்டு கால்களும். பத்தாவது விரலை இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் வாங்கிக்கொண்டுவிட்டது.

நான் அவரை முதலில் பார்த்தது கிளினிக்கில். அப்போது நான் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தேன். கடை மாடியில் இருந்தது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என் உடம்பு பெருத்துப் போய், மாடி ஏறி மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும். எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டரம்மா, ஒரே மருந்து. நட. அவ்வளவுதான். அக்காவிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். இனிப்பு நீரைக் கட்டுப்படுத்தாவிட்டால், அடுத்த தடவை விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"காலைல எந்திரிச்சி மாக்கான் ஆங்கின் பண்ணுன்னு சொல்லுது, அந்த டாக்டரம்மா. சீனி வேணாம், சோறு கொறைக்கணும், காத்த சாப்பிடணும். இதுக்கு எதுக்கு தங்கச்சி அது அவ்ளோ படிச்சிச்சி?"

மலாய்க்காரர்கள் உலாவப் போவதைக் காற்று சாப்பிடுவது என்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேச்சு முடிந்த பிறகும் விரல் போன இடது காலை மடிமேல் தூக்கி வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் நான் தனியாகத்தான் கிளம்பினேன். நடக்க எனக்கு அறவே பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது, நடக்கும்போது என் பின்பக்கத்தை யாராவது பார்ப்பது. அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கினேன். தெருமுனையிலேயே எதிர்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார்.

"எங்க, இவ்ளோ வெள்ளன?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும். "கடைக்கு" என்றேன். சொன்ன பிறகு கடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? ரொட்டி வாங்கி வந்தேன். தினமும் யாராவது கேட்டார்கள், தினமும் கடைக்குப் போனேன். அந்த வாரத்தில் என் எடை குறையவில்லை. வீட்டில் ரொட்டிதான் சேர்ந்தது. அதையும் வீணாக்கக் கூடாதென்று நானே தின்றேன்.

ரொட்டிக்காக நடந்த அந்த நாட்களில் ஒரு காலையில்தான், திடல் ஓரமாக ஓர் உருவம் கைலியும் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்துமாக, கையில் வாளியோடு விறுவிறுவென்று போவதைக் கண்டேன். கிளினிக் அக்கா.

"என்னக்கா, தண்ணி வரலியா வீட்டுல?"

"தண்ணியெல்லாம் வருது. சும்மா நடக்க முடியல தங்கச்சி. வாளி இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

அந்த 'சும்மா' என்ற சொல்லை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது. தோட்டத்தில் அது வசவு. வெயில் தாங்காமல் ஒரு மரத்தடியில் நின்றாலும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாலும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எங்கிருந்தோ வந்து கேட்பாராம்: "என்ன சும்மா நிக்கிறே?" கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அவருக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. வேலை இல்லாமல் கால் அசைந்தால் முதுகுக்குப் பின்னால் மண்டோர் நிற்பது போல இருக்கும் என்றார்.

மறுநாள் நானும் வீட்டிலிருந்து ஒரு வாளி எடுத்துக்கொண்டு போனேன். ரொட்டியைவிட அது மலிவு.

வாளியால் வந்த வம்புகளை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. முதல் வம்பு, அது காலி வாளி. தினமும் நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் லாரிக்கார அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காலையில் எதிரே இரண்டு பெண்கள் இரண்டு காலி வாளியோடு வந்தால் அவர் என்ன ஆவார்?

"யக்கா, கொஞ்சம் தண்ணியாச்சும் ஊத்திட்டு வாங்கலா. ஒரு மாசமா ஒரு நம்பரும் அடிக்கல எனக்கு."

"அதுக்கு முந்தி நீ கோடீஸ்வரனா இருந்தியா தம்பி?"

என்று கேட்டாலும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து திடல் ஓரத்துப் புல்லைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டோம். புல்லைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வந்தது: மாடு வளர்க்கிறீங்களா? பதில் இருந்தே ஆக வேண்டுமே. ஆமாம் என்றார் அக்கா. இல்லாத அந்த மாடு ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாக ஆனது. கறுப்பு மாடு ஆனது. யாரோ எத்தனையாவது கன்று என்று கேட்டதால் சினையும் ஆனது. எதிர்வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து நின்று, "கன்னு போட்டதும் சீம்பால் எனக்குத்தான், வேற யாருக்கும் வாக்குக் குடுத்துறாதீங்க" என்று சொன்ன அன்று நாங்கள் இருவரும் திடலில் உட்கார்ந்து கலந்து பேசி, மாட்டைக் கொன்றுவிட்டோம். அதற்குத் துக்கம் விசாரிக்க நான்கு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அக்கா உண்மையாகவே கண் கலங்கினார். "பாவம், வாயில்லா ஜீவன்" என்றார்.

அதோடு முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை முடித்து மாதா முன்னால் ஒரு நிமிஷம் நிற்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். வாளியைக் கண்ட கோயில் பணியாளர், "நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. பூசைக்கு முந்தி படிக்கட்டக் கழுவணும், ஆளு வரல" என்றார். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. நான் முருகனைக் கும்பிடுகிறவள். அன்று மாதா கோயில் படிக்கட்டு முழுவதையும் முழங்காலில் நின்று தேய்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னார்: "வாளி புடிச்ச கைய இந்த ஊரு சும்மா வுடாது தங்கச்சி."

கிண்டலுக்கும் குறைவில்லை. பையன்கள் என்னைப் பார்த்து 'கெமோக்' என்று கத்துவார்கள். பருத்தவளே என்று அர்த்தம். எனக்கு அழுகை வரும், நடை தளரும். அக்கா மட்டும் என் வலப்பக்கமிருந்து சுற்றி வந்து, அவர்கள் நிற்கும் பக்கமாக நடக்கத் தொடங்குவார். அந்த ஒல்லி உடம்பு என்னை எப்படி மறைக்கும்? ஆனாலும் மறைந்துவிட்டதாகத்தான் எனக்கு இருக்கும். ஒரு நாள் லாரிக்கார அண்ணனே வண்டியை நிறுத்தி, "யக்கா, தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கிது" என்றார். மனநல ஆஸ்பத்திரி உள்ள ஊர் அது. எங்கள் பக்கம் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல ஊர்ப் பெயரே போதும்.

"தெரியும் தம்பி. உனக்கு ஒரு எடம் சொல்லி வெச்சிட்டுத்தான் வாரோம்."

லாரிக்குள் இருந்த கூலியாட்கள் சிரித்த சிரிப்பில் அவர் அப்புறம் எங்கள் வழிக்கு வரவில்லை.

எந்த நாளில் எனக்கு நடை பிடித்துப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலையில் தூறல். சுண்ணாம்பு மலைகள் பாதி உடம்போடு மேகத்தில் நின்றன. திடலில் தினமும் உடற்பயிற்சி செய்யும் சீனத் தாத்தாக்கள்கூட வரவில்லை. அக்கா அவருடைய மண்டோர் எப்படி நடப்பார், துரை எப்படிக் குடை பிடிப்பார் என்று நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். சிரித்தபடி வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான், வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் சுற்றி வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளும் வழக்கத்தையும் அன்று மறந்திருந்தேன். அக்கா நின்று தம் காலைப் பார்த்தார்.

"இத்தன வருசமா இந்தக் காலு தோட்டத்துக்கு நடந்துச்சி, புருசனுக்கு நடந்துச்சி, புள்ளைங்களுக்கு நடந்துச்சி. இப்பதான் தங்கச்சி எனக்கு நடக்குது."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

பிறகு வாளிகளில் புல் குறைந்தது. ஒரு நாள் என் வாளியை நான் மறந்தேன். இன்னொரு நாள் அவர் மறந்தார். திடலின் பாதியில்தான் கையைப் பார்த்தார். திரும்பிப் போய் எடுத்து வரலாமா என்று அவர் தயங்கிய நேரத்தில், எதிரே காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு கிழவர் வந்தார். அக்காவின் முகம் வெளுத்தது. பழைய தோட்டத்து மண்டோர். பக்கத்து மர ஆலையில் ஜாகாவாக, காவல் வேலைக்கு வந்திருக்கிறார். ஆள் தளர்ந்திருந்தாலும் குரல் தளரவில்லை.

"என்ன, வேல வெட்டி இல்லாம சும்மா சுத்துற?"

அக்காவின் கை வாளி இருக்க வேண்டிய இடத்தில் காற்றைப் பிடித்தது. நான் வாயைத் திறந்து கடைக்கு என்று சொல்லப் போனேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

"ஆமாண்ணே. சும்மாதான் நடக்கிறேன்."

கிழவர் எங்களைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கி, "எனக்குங்கூட இனிப்பு நீருதான். நடக்கத்தான் சொல்றாங்க. தனியா ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"பின்னாடி வாங்கண்ணே" என்றார் அக்கா.

வந்தார். பழக்கம் விடுமா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி, எங்களை மேற்பார்வை பார்ப்பது போலத்தான் கடைசி வரை நடந்தார். அக்கா ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பயமுறுத்திய அந்தக் கால் அதன் பிறகு வெகுகாலம் அவரோடு இருந்தது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி காலை நீட்டி வைப்பார். எண்பதுகளில் மகன் வேலை மாறிப் போனதும், அவர் பாகான் டத்தோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே தென்னந்தோப்பில் ஏதோ ஒரு முள் சப்பாத்தையும் தாண்டி ஏறியிருக்கிறது. இனிப்பு நீரால் மரத்துப்போய் வலி தெரியாத கால். தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டுப் பஸ் ஏறிப் போனேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைலி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மகள், மருமகன், பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடியிருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கி நடந்தியா?"

"இல்லக்கா. பஸ்ஸப் புடிக்க வெள்ளனயே வந்துட்டேன்."

"அப்ப இப்ப நட. அந்த வாய்க்கா மேட்டுல கடைசித் தென்ன மரம் வரைக்கும் போயிட்டு வா. நான் பாக்கணும்."

"இத்தன பேரு முன்னாலயா?"

"அவங்க கெடக்கட்டும்லா. எனக்காவ நட."

எழுந்து இறங்கினேன். வாய்க்கால் மேடு ஒற்றையடிப் பாதை, மறைவு கிடையாது. வாசலில் இருந்த அத்தனை கண்களும் என் முதுகில் இருந்தன. வேகமாகப் போய் வந்துவிடலாம் என்றுதான் முதல் அடி வைத்தேன். பிறகு, அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தேன்.