ஆர்வில் ப்ரூட் பட்டம் பெற்ற கதை

மருத்துவ உலகத்தைத் தாங்கி நிற்பது மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். கத்தி என்று சிலர். இரண்டும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை கல்லூரி விண்ணப்பத்துக்காக அறுநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதி, நான் திருத்திக் கொடுக்கும் கட்டுரைதான் அதைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் நல்ல கல்லூரி இல்லை. நல்ல கல்லூரி இல்லாவிட்டால் மருத்துவக் கல்லூரி இல்லை. பிறகு உங்கள் குடல்வாலை யார் அறுப்பார்கள்? நான் என்னை வெறும் 'சேர்க்கை ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்வது அடக்கத்தினால்தான்.

எங்கள் நியூஜெர்சி ஊரில் டாக்டராக விரும்பும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது. எல்லோரும் ஏதாவது ஒரு சேவை அமைப்பின் 'நிறுவனர்' வேறு. வீடற்றவர்களுக்குக் காலுறை அனுப்பும் அமைப்பு மட்டும் ஒரே பள்ளியில் மூன்று. கடைசியில் வீடற்றவர்கள் தங்கும் விடுதிக்காரர்களே போன் செய்து, "தயவு பண்ணி நிறுத்துங்க, வைக்க இடமில்லை. இங்க இருக்கறவங்களுக்கும் ரெண்டு கால்தான்" என்று கெஞ்சினார்கள்.

அதனால் டெஸ்ஸா வாண்டர்மீரையும் அவள் அம்மா மார்னியையும் என் அலுவலகத்தில் உட்கார வைத்து, தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"காலுறையெல்லாம் போதாது. ஒரு மரணம் வேணும்."

மார்னி பதறவில்லை. கைபேசியில் குறித்துக்கொண்டார். "யாரோடது? என் மாமனாருக்கு எண்பது தாண்டிடுச்சு. ஆனா மனுஷன் இன்னும் டென்னிஸ் ஆடறாரே."

"சொந்தக்காரங்க வேண்டாம். தாத்தா செத்தது எல்லார் கட்டுரையிலயும் வருது. முன்பின் தெரியாதவர் செத்தாத்தான் அது 'கருணை'."

"எனக்கு நிஜமாவே டாக்டராகணும், மிஸ்டர் கெண்ட்ரிக்" என்றாள் டெஸ்ஸா. "அதை அப்படியே எழுதினா போதாதா?"

குழந்தை, பாவம். நிஜத்தை அப்படியே எழுதினால் எனக்கு எதற்கு ஆபீஸ்?

டாக்டர்கள் கைவிட்டவர்கள் கடைசி நாட்களைக் கழிக்கும் ஹாஸ்பிஸ் இல்லம் ஒன்று ஊர் எல்லையில் இருக்கிறது. அங்கே அவளைத் தொண்டராகச் சேர்த்துவிட்டேன். அவள் பங்குக்கு வந்தவர் ஆர்வில் ப்ரூட். பழைய கார் விற்றே வாழ்ந்தவர். இதயம் பழுது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. என்னிடம் சொல்லி ஆர்டர் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக ஒருவரைச் செய்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் டெஸ்ஸா போனாள். இருவரும் ரம்மி ஆடினார்கள். "அவர் எனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தார்" என்று கட்டுரையில் எழுத வைத்தேன். அவர் கற்றுக்கொடுத்தது ஜோக்கரைச் சட்டைக் கைக்குள் ஒளிக்கும் வித்தை. நான் செய்தது மொழிச் சீர்திருத்தம் மட்டுமே.

கோடை முடிவதற்குள் கட்டுரை தயார். கடைசிப் பத்தியில் அவர் கை டெஸ்ஸாவின் கைக்குள் மெல்லக் குளிர்ந்தது. அதைப் படித்து மார்னி அழுதார். இனி ஆர்வில் செய்ய வேண்டிய பாகம் மட்டுமே பாக்கி.

அக்டோபரில் டெஸ்ஸா மூச்சிரைக்க ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர்வில் கிராஜுவேட் ஆயிட்டார்!"

ஹாஸ்பிஸ்காரர்களின் பேச்சு அது. சாக வந்தவர் சாகாமல் தேறிவிட்டால், 'பட்டம் பெற்றுவிட்டார்' என்று சொல்லி, கேக் வெட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் எதிரே உட்கார்ந்திருந்த மார்னிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கிராஜுவேட் ஆக வேண்டியது நீ! அந்தக் கிழவர் எதுக்குடி ஆகறார்?"

டெஸ்ஸாவோடு இல்லத்துக்கு நேரில் போனேன். ஆர்வில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது துண்டு கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். டெஸ்ஸா எல்லாவற்றையும் அவரிடம் உளறியிருந்தாள்.

"நீங்கதானா அந்த ஆளு? நான் சாகற இடம் பிரமாதமா வந்திருக்காமே, பொண்ணு சொன்னா."

"மன்னிக்கணும், மிஸ்டர் ப்ரூட்."

"இதுல என்ன இருக்கு! நான் காலமெல்லாம் ஓடாத வண்டியை ஓடும்னு வித்தேன். நீங்க ஓடற வண்டியை ஓடாதுன்னு விக்கறீங்க. தொழில் ஒண்ணுதான். சரி, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னிக்கு?"

"நவம்பர் ஒண்ணு."

"முயற்சி பண்றேன். ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன்." பிறகு டெஸ்ஸா பக்கம் திரும்பினார். அந்தக் கிண்டல் குரல் கொஞ்சம் இறங்கியது. "டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருவியா? தனியா ஆடினா என்னை நானே ஏமாத்திக்க வேண்டியிருக்கு."

"கண்டிப்பா வர்றேன், ஆர்வில். சத்தியமா."

காரில் திரும்பும்போது அவளுக்கு விளக்கினேன். இல்லத்துக்குப் போனால் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவார், அது 'சேவை'. அவர் வீட்டுக்குப் போய் சீட்டு ஆடினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? கையெழுத்து இல்லாத அன்பை எந்த விண்ணப்பத்திலும் ஏற்ற முடியாது. அதோடு, உயிருள்ள ஆர்விலோடு இவள் ஏதாவது ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுவதை யாராவது பார்த்துத் தொலைத்தால்?

"அவருக்கு வேற யாருமே இல்ல, மிஸ்டர் கெண்ட்ரிக்."

"அதைத்தான் ரெண்டாவது பத்தியில அழகாச் சொல்லியிருக்கோமே. அட்மிஷன் முடியட்டும். அப்புறம் தினம்கூடப் போ, யார் வேண்டாங்கறா?"

நான் பொய்க்கு உடன்படுகிறவன் இல்லை. குளிர்ந்த கையைக் கட்டுரையிலிருந்து அன்றே அடித்து நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் இப்படி எழுத வைத்தேன்: 'அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவருடைய கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு புதிதாக மாற்றப்பட்டிருந்தது.' இதில் எந்த எழுத்தில் பொய் இருக்கிறது, சொல்லுங்கள். அதுமட்டுமில்லை, டெஸ்ஸாவை அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே அனுப்பி, காலிக் கட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் செய்தேன். நேர்மை இல்லாமல் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

டிசம்பரில் இடம் கிடைத்தது. அந்தக் கடைசிப் பத்தியில் தாம் அழுதுவிட்டதாக, சேர்க்கை அதிகாரி வாழ்த்துக் கடிதத்தின் அடியில் கையால் எழுதியிருந்தார். மார்னி எனக்கு ஒரு கூடை பேரிக்காய் அனுப்பினார். பிறகு விருந்துகள், கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு படங்கள், அறிவியல் போட்டி. செவ்வாய்க்கிழமைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

பிப்ரவரியில் ஒருநாள் டெஸ்ஸா முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். கோட்டில் பனி. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஆர்வில் போன வாரமே செத்துட்டாராம். பக்கத்து வீட்டம்மாதான் போய்ப் பார்த்திருக்காங்க. ஒவ்வொரு செவ்வாயும் மேஜையில ரெண்டு பேருக்குச் சீட்டுப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பாராம். கடைசியாப் போட்டதுல ரெண்டு ஜோக்கரும் என் பக்கம் இருந்துதாம்." குலுங்கிக் குலுங்கி அழுதாள். "சத்தியம் பண்ணினேன். நான் போகவே இல்ல."

எனக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. கட்டுரை இப்போது ஐயத்துக்கிடமின்றி உண்மையாகிவிட்டது அல்லவா? டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அழும்மா. ஆனா வீணாக்கிடாதே. நாலு வருஷத்துல மருத்துவக் கல்லூரிக்கு இன்னொரு கட்டுரை வேணும். கருணை எல்லார்கிட்டயும் இருக்கும். 'குற்ற உணர்ச்சி' லேசுல கிடைக்காது. உனக்கு அசலாவே கிடைச்சிருக்கு."

என்னை முறைத்தாள். அடித்துவிடுவாளோ என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். பிறகு மூக்கைத் துடைத்தாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள்.

"எத்தனை வார்த்தை?" என்று கேட்டாள்.

அந்தக் கணமே என் சந்தேகமெல்லாம் தீர்ந்தது. டெஸ்ஸா நிச்சயம் டாக்டராகிவிடுவாள். என்றாவது ஒருநாள் நீங்கள் படுத்துக் கிடக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவு அழகாகப் பிடிப்பாள். நான் பயிற்சி கொடுத்த கை. பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பட்டம் கிட்டம் வாங்கித் தொலைக்காமல், கட்டிலைக் கடைசித் தேதிக்குள் காலி செய்து கொடுங்கள்.