காயாத தட்டு

நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். பேச்சில் விட்டதைக் கைவேலையில் பிடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்புதான் என் மகளின் நிச்சயதார்த்தத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் பெயின்டிங். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் அடுக்குமாடி வீடுகளின் கதவுகளுக்கு வார்னிஷ் அடித்தே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

நிச்சயத்துக்குத் தட்டு மாற்ற, தானே ஒரு தட்டு செய்வதாகச் சொன்னாள் மகள் கவிதா. மரத்தட்டில் பூப்போட்ட காகிதத்தை ஒட்டி, வரைந்த படம் போல ஆக்கும் வேலை. அதன் பெயர் 'டெகுபாஜ்' என்றாள். (என் வாயில் இன்றுவரை சரியாக நுழையவில்லை.) சந்தாபுராவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பினாள். விருந்தில் கை துடைக்கத் தரும் பூப்போட்ட டிஷ்யூ, வெள்ளைப் பசை, பட்டு மாதிரி ஒரு பிரஷ், உப்புத்தாள், சின்ன பாட்டிலில் வார்னிஷ்.

"இதுல மூணு லேயர் இருக்குப்பா. வெள்ளையா இருக்கிற ரெண்டையும் உரிச்சிடணும். பூ இருக்கிறது மட்டும்தான் வேணும்."

உரித்தது வெங்காயச் சருகைவிட மெல்லிசாக இருந்தது. பசையில் தண்ணீர் கலந்து தடவி, காகிதத்தை வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு விரலால் நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை. ரோஜாக்கள் மரத்திலேயே பூத்த மாதிரி உட்கார்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுடைய வார்னிஷ் பால் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம். (அதெல்லாம் ஒரு வார்னிஷா?) விசேஷத்தன்று காலை அவள் பார்லருக்குப் போனதும், வேலையில் மிச்சமான என் எண்ணெய் வார்னிஷை எடுத்துத் தட்டுக்கு இரண்டு கை அடித்தேன். கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்புக்கு இன்னொரு கை. வெளியே தூறல். ஈரக்காற்றில் வார்னிஷ் காயாது, ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள் என்று எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் சொன்னவன் நான். அன்று அதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டைக் காயவைத்த கட்டைகளின் மேலேயே விட்டு, மனைவி தேங்காய், பழம், வெற்றிலை அடுக்கினாள். நேரம் வந்ததும் நான்தான் தூக்கினேன். விரலில் லேசாக ஒட்டிப் பிடித்தது. பளபளப்பைப் பார்த்து அதை மறந்துவிட்டேன்.

சம்பந்தி அத்திபெலேக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுபவர். எதிரே நின்று தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். போட்டோ எடுப்பவர், "அப்படியே இருங்க, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று ஒரு யுகம் நிறுத்தினார். அது முடிந்ததும் சம்பந்தி தட்டை இழுத்தார். தட்டோடு நானும் ஓரடி போனேன்.

"உட்டுடுங்க சம்பந்தி" என்றார் மெதுவாக.

விரல்கள் வரவில்லை. வழக்கம்போல வார்த்தையும் வரவில்லை. அவர் மறுபடி இழுத்தார். நான் இன்னும் ஓரடி போனேன்.

"யாக்கே, ஏனாய்த்து?" என்று, என்ன ஆயிற்று எனக் கன்னடத்தில் கேட்டார் அவருடைய அக்கா. பின்னாலிருந்து என் மனைவி, "இன்னாங்க இது, உடுங்க!" என்று பல்லைக் கடித்தாள்.

சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. "பொண்ணு குடுக்க மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிரம்பிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கூட்டத்தின் நடுவே நானாகப் பேசினேன்.

"மனசு இருக்குதுங்க. வார்னிஷ்தான் காயல."

சம்பந்தி குனிந்து தன் விரலை எடுக்கப் பார்த்தார். அதுவும் வரவில்லை. "அட, எனக்கும் காயல!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. இரண்டு அப்பாக்களும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கவிதா விரல் விரலாகத் தேங்காய் எண்ணெய் விட்டு எங்களை விடுவித்தாள். என் விரல்களில் பாதி ரோஜா, அவர் விரல்களில் மீதி.

அன்றிலிருந்து நான் யாரிடம் எதை நீட்டினாலும், காபி டம்ளரோ ரசக் கிண்ணமோ, "உட்டுடுங்க சம்பந்தி" என்ற குரல் வந்துவிடும். சம்பந்தி இல்லாத நாளில் மனைவி சொல்வாள். இப்போது மாப்பிள்ளையும் சொல்கிறார்.

ஒரே ஒரு தடவைதான் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று, கவிதாவின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். என் கையை எடுக்கவில்லை. கூட்டம் சிரிக்கத் தயாராகி, சம்பந்தியைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அன்று என் கையில் வார்னிஷ் இல்லை என்று அவருக்குத் தெரியும்.