எட்டுப் போடப் போனவன்

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவன்தான் மோட்டார் சைக்கிளைப் பற்றி அதிகம் பேசுவான். ஓட்டத் தெரிந்தவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் வட்டாரத்தில் என்னைவிட அதிகமாகப் பேசியவன் எவனும் இருந்திருக்க முடியாது. பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் எப்படி எரிகிறது என்று டீக்கடையில் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். அந்த எஞ்சினுக்கு மேல் ஏறி உட்கார்ந்து தெருமுனை வரைகூடப் போனது கிடையாது.

அந்தச் சமயத்தில் கோழி மருந்து விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகப் போய், கோழிகளின் நலம் விசாரித்து, மருந்தைத் தலையில் கட்ட வேண்டும் (கோழியின் தலையில் அல்ல, பண்ணைக்காரர் தலையில்). இன்டர்வியூவில் மேனேஜர், "மோட்டார் சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"எந்த மோட்டார் சைக்கிள் சார்?" என்றேன், ஏதோ வீட்டில் நாலைந்து நிற்பது போல.

மனிதர் அசந்துவிட்டார். ஆனாலும் மேனேஜர் அல்லவா? "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸைக் காட்டுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் எனக்குப் பெண்ணும் பார்த்திருந்தார்கள். பெயர் சரோஜா. ஊர் திருச்செங்கோடு பக்கம். அவள் அப்பா லாரி வைத்திருந்தவர், அளந்து பேசுகிறவர். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேல நெலச்சதும் சொல்லி உடுங்க. அப்பறம் பேசிக்கலாமுங்க" என்று எழுந்துவிட்டார். ஆக, லைசென்ஸ் இருந்தால் வேலை, வேலை இருந்தால் சரோஜா. இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள்.

அது என் மச்சானுடையது. அக்கா வீட்டுக்காரரான அவருக்கு வாத்தியாராக இருக்க வேறு எந்தத் தகுதியும் இல்லை. வண்டி அவருடையது, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஏரியில் அப்போது தண்ணீர் இல்லை. அங்கேதான் பாடம். மச்சான் போதிக்கும் முறை எளிமையானது. நான் தப்பு செய்யும்வரை வாயைத் திறக்கமாட்டார். செய்ததும், "கிளச்சு! கிளச்சு!" என்று ஏரி அதிரக் கத்துவார். எது கிளச்சு என்பதை மட்டும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். படித்தவன் கேட்கலாமா?

முதல் நாள் கிக்கரை உதைத்தேன். அது என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியடித்தபடி, "இது கம்ப்ரஷன் மச்சான்" என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். இப்படி ஒரு பிறவி!

சில நாட்களில் வண்டி ஓடியது. ஏரி பெரியது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நேராகப் போகலாம். போனேன். கரை வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக்கொள்வேன். பின்னால் உட்கார்ந்து வரும் மச்சானும் இறங்குவார். இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளித் திருப்பி நிறுத்துவோம். மறுபடி ஏறி, வந்த வழியே நேராக. திரும்புவது என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

மச்சானுக்கே கவலை வந்துவிட்டது. "ஏனுங்க மாப்ள, எட்டுப் போடச் சொல்லுவாங்களே, அதப் பழகோண்டாமா?"

"எட்டுங்கறது ரெண்டு வட்டம் மச்சான். பேப்பர்ல போட்டுப் பாத்துட்டனுங்க."

"பேப்பர்ல போட்டா கீழ உழுக மாட்டீங்க" என்றார். அவர் சொன்ன ஒரே உருப்படியான பாடம் அது. அதையும் நான் காதில் வாங்கவில்லை.

டெஸ்ட் அன்று பெல்பாட்டம், பூப்போட்ட சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் போய் இறங்கினேன் (மச்சான் ஓட்டினார், நான் பின்னால்). ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். நடுவில் சுண்ணாம்புத் தூளால் பெரிய எட்டு ஒன்று வரைந்திருந்தார்கள். பொட்டலை ஒட்டி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அங்கே அரைகுறையாக முடிந்த லாரி ஒன்று முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. பின்கதவு இன்னும் மாட்டவில்லை. ஆட்கள் மரம் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க, தரையிலிருந்து லாரிக்கு அகலமான பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள்.

டெஸ்ட் எடுப்பவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் அப்போது சொல்வோம் (அன்று என்னிடம் அவர் எல்லாவற்றையும் பார்த்தார், பிரேக்கைத் தவிர). என் கூலிங் கிளாஸை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க மொதல்ல போங்க ஹீரோ" என்றார்.

கிளப்பினேன். எட்டின் முதல் வளைவு வரை பிரமாதம். வளைவு வந்தது. நான் என் உடம்பை வளைத்தேன், தலையை வளைத்தேன், வாயையும் கோணினேன். ஹேண்டில்பார் மட்டும் நேராக இருந்தது. சுண்ணாம்புக் கோடு வலது பக்கம் திரும்பிப் போக, நான் ஏரியில் போவது போலப் போய்க்கொண்டிருந்தேன்.

"பிரேக்கு மாப்ள! பிரேக்கு!" என்று மச்சான் பின்னால் ஓடிவந்தார். நான் பயத்தில் கைக்கு அகப்பட்டதை இறுக்கி முறுக்கினேன். அகப்பட்டது ஆக்சிலேட்டர்.

பட்டறையில் யாரோ "ஐயோ" என்று உளியைப் போட்டுவிட்டு ஓடினார். முன்சக்கரம் பலகையில் ஏறியது. தடதடவென்று ஒரு சத்தம். நான் லாரிக்குள் இருந்தேன்.

உள்ளே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்பலகையைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரே தாவாகத் தாவிப் பக்கப் பலகையைப் பிடித்துத் தொங்கினார். வண்டி அவர் பாதத்துக்குக் கீழே பாய்ந்து, மூலையில் குவித்திருந்த மரச்சீவலில் மூக்கைப் புதைத்து நின்றுவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் பெரிய அவமானம். ரத்தம் வந்திருந்தால் நாலு பேர் பரிதாபமாவது பட்டிருப்பார்கள்.

தொங்கியவர் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"மாப்பிள்ளைங்களா?"

சரோஜாவின் அப்பா. தன் புது லாரிக்கு பாடி கட்டும் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார். நாமக்கல்லில் இத்தனை பட்டறை இருக்க, இங்கேதானா கட்ட வேண்டும்?

"ஆமாங்க" என்றேன், சீவலைத் துப்பிக்கொண்டே.

"என்னுங்க இந்தப் பக்கம்?"

"லைசென்ஸ் எடுக்க வந்தனுங்க."

"லாரிக்குங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க வந்து எட்டிப் பார்த்தார். "எட்டுல வெளிய போனவன் உண்டு, கீழ விழுந்தவனும் உண்டு. மேல போனவன் நீ ஒருத்தன்தாய்யா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். நான் ஒரு நொடியில் ஏற்றிய வண்டியை இறக்கப் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்தது. சரோஜாவின் அப்பா ஓரமாக நின்று, "புது வண்டிக்கு பஸ்ட் லோடு வந்துருச்சு. பாத்து எறக்குங்கப்பா" என்றார். மச்சான் பொட்டலின் அந்தக் கோடியில், என்னை யாரென்றே தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசியில் மேனேஜர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். சொன்ன சொல் தவறாதவர். சரோஜாவும் போனாள் என்று நான் தாடி வளர்க்க ஆரம்பித்தபோது அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கதையச் சொன்னதுலிருந்து புள்ள சிரிச்சுட்டே கெடக்குறாளுங்க. கட்டுனா இவரத்தான் கட்டுவேங்கறா. எனக்கு ரோசனையாத்தான் இருக்குது" என்றார்.

"பையனுக்கு வேல போயிருச்சுங்களே" என்று என் அப்பா இழுத்தார்.

"நம்ம லாரி ஆபீசுல உக்காரட்டுமுங்க. சக்கரம் வெச்ச எதையும் தொடாம இருந்தாச் செரி."

தொடவில்லை, இன்றுவரை. கல்யாணமான சில வருடங்களில் சரோஜா மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரே தடவையில் எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். எங்கே போனாலும் அவள் முன்னால், நான் பின்னால். நான் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் மகள் வாசலிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்: "அம்மா, லோடு ஏறிருச்சா?"

சரோஜா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்: "ஏறிருச்சு சாமி. கவுறுதான் இன்னும் கட்டல."