வெங்காயம் உட்பட மொத்தச் செலவு

சமையல் கலைப் பட்டப்படிப்புக்குப் போடும் பணம் எந்த வருஷம் திரும்பி வரும் என்று கண்டுபிடிக்க, கணக்காளர் மூன்று தாள்களை ஒட்டி ஒரே தாளாக்கியிருந்தார். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. இடப்பக்கம் ஓரம்வரை நிரம்பிவிட்டது. வலப்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"இன்னும் பத்து நாள்ல முன்பணம் கட்டணும்பா," என்றாள் மகள். "இல்லன்னா இடம் போயிடும்."

"பத்து வருஷத்துக்குள்ள போட்ட பணம் திரும்பி வரும்னு தெரிஞ்சா அன்னிக்கே கட்டிடறேன்மா. ஒரு நாள் கூடினாலும் கிடையாது."

அவர் கெட்டவர் இல்லை. சைக்கிள் பம்பு வாங்குவதானாலும் தாள் போட்டுவிட்டுத்தான் வாங்குவார். தன் கல்யாணத்துக்கும் ஒரு தாள் போட்டிருந்தார். அது லாபத்தில் முடிந்ததா நஷ்டத்தில் முடிந்ததா என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சமையல்காரங்க சம்பளம் உங்களுக்கு என்னங்க தெரியும்? குத்துமதிப்பா எதையாவது எழுதிடாதீங்க," என்றாள் அந்த மனைவி.

குத்துமதிப்பு என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அதை அவர் வாயால் சொன்னதில்லை.

"ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கற ஓட்டல்ல போய்க் கேளுங்கப்பா," என்றாள் மகள். "பின்வாசல் வழியா போங்க. பெரிய மாஸ்டருக்கு எல்லாம் தெரியும்."

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனார். பெரிய மாஸ்டர் நான்கு அடுப்புகளை ஒரே நேரத்தில் அதட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு விவரம். படிச்சிட்டு வர்றவங்களுக்கு ஆரம்பச் சம்பளம் எவ்வளவு?"

"சொல்றேன் சார். நின்னா வழிய மறைக்கும். இப்படி உக்காந்து இத உரிங்க."

வெங்காயம். ஒரு மூட்டை. சாயங்காலம் நாலு மணிக்கு, கண்ணீரும் கம்பலையுமாக, ஓர் எண் கிடைத்தது.

அதை வலப்பக்கம் எழுதினார். அரைநாள் சம்பள இழப்பை இடப்பக்கம் எழுதினார்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"படிப்ப விசாரிக்கப் போனதாலதானே இந்தச் செலவு? அப்போ படிப்புக் கணக்குலதான் ஏறும்."

ஆரம்பச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? ஐந்தாம் வருஷச் சம்பளம் வேண்டும். அடுத்த நாள் முழுநாள் விடுப்பு. அந்த எண்ணுக்கு இரண்டு மூட்டை ஆனது. எண் பரவாயில்லை. ஆனால் நெடியேறிய சட்டை இனி எதற்கும் ஆகாது. சட்டை இடப்பக்கம் ஏறியது.

மூன்றாம் நாள் மாஸ்டர் கையில் கத்தியைக் கொடுத்தார். பத்தாம் வருஷச் சம்பளத்தைக் கேட்ட மகிழ்ச்சியில் கணக்காளர் கட்டைவிரலை நறுக்கிக்கொண்டார். இரண்டு தையல். அதுவும் இடப்பக்கம்.

நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

"உடம்புக்கு என்ன?"

"கண் எரிச்சல் சார்." அவருக்குப் பொய் சொல்ல வராது.

"அப்போ கண் டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணுல ஒண்ணுமில்ல. வெங்காயத்த விட்டுடுங்க."

"இன்னும் அஞ்சு எண் பாக்கி இருக்கு டாக்டர்."

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். டாக்டரும் கண்ணாடியும் இடப்பக்கம் ஏறியதில் நாலாவது தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

ஆறாம் நாளுக்குள் கை பழகிவிட்டது. அதைப் பார்த்த மாஸ்டர் கேரட்டையும் இவர் பக்கம் தள்ளினார். ஒரு நாளைக்கு ஓர் எண்ணுக்கு மேல் அவர் வாயிலிருந்து வருவதாக இல்லை.

ஒன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு முடிந்தது. போட்ட பணம் திரும்பிவர, பத்து வருஷம் மூன்று நாள்.

மகள் தாளை மேலிருந்து கீழே படித்தாள். "நீங்க விசாரிக்கவே போகாம இருந்திருந்தா ஒம்பது வருஷம் எட்டு மாசத்துல வந்திருக்கும்பா."

"விசாரிக்காம எப்படிம்மா தெரியும்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுத்து வைக்கப் போனாள். அழவில்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெற்ற வயிறு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அன்று சோறு இறங்காதது அப்பன் வயிற்றில். மூன்றே மூன்று நாள். அதற்காக எண்ணைத் திருத்தவும் அவருக்கு மனம் வரவில்லை.

விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு உறைத்தது. ஒன்பது நாள் உரித்திருக்கிறார். அதற்குக் கூலி உண்டு. படிப்பால் வந்த செலவு இடப்பக்கம் என்றால், படிப்பால் வந்த கூலி வலப்பக்கம். மூன்று நாள் என்ன, ஒரு வாரமே குறையும்.

"கிளம்பி இரும்மா," என்று மகளிடம் சொன்னார். "பத்து மணிக்குக் காலேஜுக்குப் போய் முன்பணம் கட்டறோம்."

பதிலுக்குக் காத்திராமல் ஓட்டலுக்கு ஓடினார். முப்பது வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று முதல்முறையாக முன்வாசல் வழியாக நுழைந்து, மூச்சு வாங்க, கல்லாவின் முன்னால் தையல் போட்ட விரலை நீட்டினார்.

"ஒம்பது நாள் வெங்காயம் உரிச்சேன். நடுவுல கேரட்டும். அந்தக் கூலி எனக்கு இப்பவே வேணும்."

கல்லாக்காரர் பேரேட்டைப் புரட்டினார்.

"உங்கள வேலைக்குச் சேத்துவிட்ட பொண்ணு, தினம் நீங்க கிளம்பினதும் வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிடுதே சார், காலேஜுக்கு முன்பணம் கட்டியாச்சுன்னு நேத்து எங்க எல்லாருக்கும் சாக்லேட் கூட குடுத்துச்சு."